சுப்பம்மா கேட்ட வாக்கு

அன்று நான் என்ன சொன்னேன்?

இன்றுவரை எனக்குத் தெரியாது. பம்பைச் சத்தம் நினைவிருக்கிறது. கொதிக்கிற கேழ்வரகுக் கூழின் வாசனை நினைவிருக்கிறது. என் மகள் உமாவின் பிசுபிசுத்த விரல்கள் என் கையிலிருந்து நழுவியது நினைவிருக்கிறது. அதற்கு அடுத்த நினைவு, நாக்கில் வெல்லமும் சுக்கும். நடுவில் நடந்தது என்னிடம் இல்லை. தெருவில் மற்ற எல்லோரிடமும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு மாதிரியாக.

உமா பிறந்த சில மாதங்களில் எனக்குச் சர்க்கரை நோய் கண்டதையும், சென்னை ஆஸ்பத்திரியில் என் தொடையில் நானே ஊசி போடக் கற்றுக்கொண்டதையும் முன் வாரங்களில் எழுதியிருந்தேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் ஊசி இல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஊசி போட்ட பிறகு சாப்பிடாமலும் இருக்க முடியாது. சாப்பிடாவிட்டால் உடம்பில் சர்க்கரை இறங்கி, நடுக்கம் கண்டு, புத்தி தடுமாறி, நினைவு போய்விடும். யாராவது வாயில் இனிப்பு வைத்தால் பிழைக்கலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் குடித்தனம் நடக்கிறது.

கூழ் வார்க்கிற ஞாயிறு

பட்டு நெசவுக்காரர்கள் நிறைந்த எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. பெரிய கோபுரங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போவார்கள். யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் அங்கே கூழ் வார்ப்பார்கள். வீட்டுக்கு வீடு கேழ்வரகு கொடுத்து, பெரிய அண்டாக்களில் காய்ச்சுவார்கள். அன்று எந்த வீட்டிலும் தறி ஓடாது. அம்மனுக்குப் படைக்கும்வரை தெருவில் யாரும் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை. கட்டாயம் என்று யாரும் சொல்வதில்லை. வைப்பதில்லை, அவ்வளவுதான்.

சென்ற ஆடியில் நான் ஒரு கணக்குப் போட்டேன். படையல் வழக்கமாக வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். அதற்குச் சற்று முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் கூழே என் காலை ஆகாரமாகிவிடும்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவரே சொன்னார்: "நீ ரெண்டு இட்லி துன்னுட்டுப் போம்மா. அம்மா உன்னையெல்லாம் கோச்சிக்க மாட்டா."

நான்தான் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் பாயசம் வரும்போது இலையை மூடுகிறவள் நான். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குழந்தையிடம் கொடுத்துவிடுகிறவள் நான். எல்லாவற்றிலும் விலக்கு வாங்கி வாங்கி அலுத்துவிட்டது. இந்த ஒரு காலையிலாவது தெருவோடு தெருவாக வெறும் வயிற்றோடு நிற்கலாமே என்று ஆசைப்பட்டேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவளுக்கு இந்தப் புத்திகூட இல்லையா என்று பிறகு என் கணவர் கேட்டார். அவர் கணக்கு வாத்தியார். என் கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை.

நான் ஊசி போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குப் பார்த்து, பம்பைக்காரர்கள் திருப்புட்குழியிலிருந்து ஏறவேண்டிய பஸ் வரவில்லை. அவர்கள் நடந்து வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது.

என் முந்தானையில் எப்போதும் கொஞ்சம் கற்கண்டு முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பழக்கம். உமாவுக்குப் பசி. ஒன்று கேட்டாள், கொடுத்தேன். இன்னொன்று கேட்டாள். பெரியவர்கள் பொறுத்திருப்போம், குழந்தை இருக்குமா? படையல் இதோ ஆகிவிடும், இதோ ஆகிவிடும் என்று முடிச்சு காலியாகிவிட்டது.

முதலில் உதடு மரத்தது. பிறகு முதுகில் வேர்வை. அந்த நேரம் பார்த்துப் பம்பை முழங்க ஆரம்பித்தது.

தறிக் குழியில் ஒரு மாடம்

மேலே போகுமுன் சுப்பம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு எழுத்து மட்டும்தான் படிப்பார்கள் என்றாலும்.)

எங்களுக்கு அடுத்த வீடு. கணவர் ராமுலு பட்டு நெய்கிறவர். சுப்பம்மா அவருக்கு இழை இழுத்துக் கொடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியில் எங்கள் தமிழ்.

இன்சுலின் மருந்து வெயிலில் கெட்டுவிடும். குளிர்ப்பெட்டி எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கிடையாது. முதல் கோடையில் ஈர மணல் போட்ட பானையில் வைத்தேன். அக்கினி நட்சத்திரத்தில் மணலே சுட்டது. சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அழுததைச் சுப்பம்மா பார்த்துவிட்டாள்.

இங்கே தறி தரையில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கும். நெய்கிறவர் அந்தக் குழிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்து மிதிப்பார். சித்திரை வெயிலிலும் குழி சில்லென்று இருக்கும். மறுநாளே ராமுலு குழியின் பக்கச் சுவரில் ஒரு சின்ன மாடம் குடைந்துவிட்டார். மருந்துக்குக் கால் படக்கூடாதே என்று முன்னால் ஒரு பலகைத் துண்டும் வைத்தார்.

அதிலிருந்து, மழையில் குழி ஊறுகிற மாதங்கள் தவிர, என் உயிர் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தினமும் காலையில் நான் போய் நின்றால் இழைக்குள் ஓடுகிற நாடாக் கட்டையை நிறுத்திவிட்டு எடுத்துக் கொடுப்பார். "உன் மருந்து குளுகுளுன்னு படுத்துக்கினு இருக்குது. நான்தான் வேர்த்துக்கினு நெய்யறேன்" என்பார்.

இன்னொரு வேடிக்கை. தினமும் காலையில் சிறுநீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சள், அதற்கும் மேலே செங்கல் நிறம் என்றால் ஆபத்து. கொல்லையில் ஒளித்து ஒளித்துத்தான் செய்வேன். ஆனால் உமா இந்தத் தெருவில் வளர்கிற குழந்தை. "அம்மா, இன்னைக்கு மாம்பழக் கலரு" என்று சுவர் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்துவாள். தெருவில் சேலைக்குச் சொல்கிற நிறப் பெயரையே அதற்கும் சொன்னாள்.

நான் கூசிப்போனேன். ராமுலுவோ அதிலிருந்து தினமும் சீசாவை நீட்டும்போது, "இன்னைக்கு இன்னா கலரும்மா?" என்று கேட்க ஆரம்பித்தார். நானும் "கிளிப்பச்சை" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

என் பிறந்த வீட்டுப் பக்கம் இன்னும் பல பேருக்கு என் வியாதி தெரியாது. தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். வெளியே தெரிந்தால் தடையாகும் என்று அம்மா மறைக்கிறார். உமாவுக்கு மொட்டை அடித்தபோதுகூட, உறவினர் வீட்டுக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டுதான் ஊசி போட்டேன். என் கணவரிடம் இன்னொரு கல்யாணத்தைப் பற்றிப் பேசிப் பார்த்தவர்களும் உண்டு. அத்தை அவர்களுக்குக் காபி கூடக் கொடுக்காமல் அனுப்பினார். ஊசி கொதிக்கவைக்கிற பாத்திரத்தைக் குளிக்காமல் யாரும் தொடக்கூடாது என்று வைத்திருப்பவரும் அவர்தான். இங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில் எனக்குப் பார்க்கிற டாக்டரம்மா சொன்ன சுத்தத்தை அவர் மடி ஆசாரமாக எடுத்துக்கொண்டார். எனக்கு ஒரு ஊசிகூடச் சீழ் வைத்ததில்லை.

யாருக்கெல்லாம் நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்று யோசித்தால், அந்த வரிசை இந்தத் தெருவை விட்டு வெளியே அதிகம் போகாது.

சென்ற வருஷக் கோடையிலேயே ராமுலுவுக்கு இருமல் தொடங்கியிருந்தது. பட்டுத் தூசி என்றார். வைகாசியில் குழியிலிருந்து எழுந்திருக்கவே பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அங்கே போய் நெஞ்சு நோய் என்று எழுதிவிட்டால் நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கிற முதலாளி இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார் என்ற பயம். சுப்பம்மா கெஞ்சினாள், சண்டை போட்டாள், அவர் அண்ணனைக் கூட்டிவந்து சொல்லவைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

சாமி வந்தது

கோயிலுக்குத் திரும்புகிறேன். இனி நான் எழுதுவதெல்லாம் மற்றவர்கள் சொன்னது.

பம்பை வேகமெடுத்தபோது எனக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதாம். கண் செருகியிருந்ததாம். பிடிக்க வந்தவர்களை உதறிவிட்டு, கூந்தல் அவிழ, ஏதோ முனகிக்கொண்டு அம்மன் எதிரில் போய்த் தள்ளாடினேனாம். சர்க்கரை இறங்கினால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும், என் கணவருக்குத் தெரியும். அவர் அன்று பரீட்சைத் தாள் திருத்தப் பள்ளிக்கூடம் போயிருந்தார். அங்கே நின்ற மற்றவர்களுக்கு, கூழ் வார்க்கிற நாளில், பம்பை முழங்கும்போது ஒரு பெண் இப்படி ஆடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார்கள். காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவர் கற்பூரத்தைக் கொளுத்தி என் நாக்கில் வைக்க வந்தாராம். அத்தை அவர் கையைத் தட்டிவிட்டார். அத்தைக்கும் சந்தேகம்தான், சாமியா வியாதியா என்று. ஆனால் என் இரண்டு கையையும் கூட்டம் பிடித்திருந்ததால் இழுத்துப் போக முடியவில்லை.

வந்திருக்கிற சாமிக்குத் தாகம் தீர்க்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். படையலுக்குக் கரைத்துவைத்த பானகத்தைச் சொம்பில் எடுத்துக்கொண்டு முதலில் ஓடிவந்தவள் சுப்பம்மா. என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டாள். விட்டுக்கொண்டே கேட்டாளாம். (தல்லி என்றால் தெலுங்கில் தாய். அம்மனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.)

"தல்லி, என் ஊட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாமா? நீ சொன்னா அவரு கேப்பாரு. ஒரு வாக்கு சொல்லு தல்லி."

ராமுலு கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு என் வாயைப் பார்த்தார்களாம்.

நான் என்ன சொன்னேன்?

"நாளைக்கே போ, நானும் கூட வரேன்" என்று கணீரென்று சொன்னதாகச் சுப்பம்மா சொல்கிறாள். வெறும் உறுமல்தான் என்கிறாள் பூக்காரக் கன்னியம்மா. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை என்கிறார் அத்தை.

உமாவையும் கேட்டேன். அப்போது அவளுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

"நீ என் பேரைச் சொன்னேம்மா" என்றாள்.

மறுநாள் காலை

பானகம் வேலை செய்தது. நினைவு வந்தபோது நான் கூட்டத்தின் நடுவில் சுப்பம்மாவின் மடியில் கிடந்தேன். சுற்றிலும் பெண்கள் கைகூப்பியிருந்தார்கள். எனக்கு வந்தது வெட்கம் மட்டும்தான். அத்தை என்னை எழுப்பி, கூழும், வெல்லம் கலந்து இடித்த துள்ளுமாவும் ஊட்டி, வீட்டுக்குக் கூட்டிவந்தார். உமா என் பக்கத்தில் வராமல் கதவோரம் நின்று, "நீ சாமியாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வாசலில் குரல். ராமுலு வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி இட்டு நிற்கிறார். பின்னால் சுப்பம்மா.

"கிளம்பலாங்களா?" என்றாள்.

எங்கே என்று எனக்கு விளங்கவில்லை. நானும் கூட வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே, மறந்துவிட்டதா என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் மறுத்த மனிதர் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறார். நான் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டு.

சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசை வாசல் வரை வளைந்திருந்தது. உட்கார இடமில்லை. ராமுலுவுக்கு இருமி இருமிக் கண்ணில் நீர். திரும்பிவிடலாமா என்று நானே கேட்டேன்.

"சாமியே க்யூவுல நின்னுக்கினு இருக்குது. நான் நிக்க மாட்டேனா?" என்றார். முன்னால் நின்றவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நாங்கள் பயந்தது சரிதான், காச நோய். ஆனால் மருந்து இருக்கிறது என்றார் டாக்டரம்மா. எனக்கும் அவர்தான் பார்க்கிறார். ஒன்றரை வருஷம், ஒருநாள் விடாமல். முதலில் ஊசியும், பிறகு மாத்திரையும். "உடம்பு தேறிட்டதுன்னு பாதியில நிறுத்தினா திரும்பி வரும். வந்தா இந்த மருந்து கேக்காது" என்று அழுத்திச் சொன்னார்.

மருந்துச் சீசாவை அந்த வீட்டிலிருந்து எடுத்துவிடு, குழந்தையை அங்கே விடாதே என்று எனக்குப் பல பேர் புத்தி சொன்னார்கள். நானும் பயந்தேன், தூங்கும் உமாவின் மூச்சைக் காது வைத்துக் கேட்டேன். கடைசியில் அவளை டாக்டரம்மாவிடமே கூட்டிப்போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்ற பிறகுதான் நிம்மதி. உமாவை மட்டும் அவர் சொன்ன காலம்வரை அந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. சீசா மாடத்தை விட்டு நகரவில்லை. ராமுலு நெய்யாமல் படுத்திருந்த மாதங்களிலும் சுப்பம்மா குழியில் தினமும் தண்ணீர் தெளித்துச் சில்லென்று வைத்திருந்தாள்.

இந்த ஆடி

இப்போது ராமுலு மறுபடி தறியில் உட்கார்கிறார். கன்னம் பூசியிருக்கிறது. முதலாளி பாவு கொடுக்கிறார். காலையில் நாடாச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும்போது எனக்கு ஒரு நாள் சம்பாதித்த மாதிரி இருக்கிறது.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. முன்பெல்லாம் "ஏம்மா சாரதா, இன்னா கொழம்பு?" என்று சுவர் மேல் தலை நீட்டுகிற சுப்பம்மா, இப்போது "நீங்க, வாங்க" என்கிறாள். வெள்ளிக்கிழமை பூ கொண்டுவந்து வைக்கிறாள். என் எதிரில் கால் நீட்டி உட்காருவதில்லை. ராமுலுவும் கலர் கேட்பதை விட்டுவிட்டார். அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

போன வெள்ளிக்கிழமை பூவோடு ஒரு கேள்வியும் வந்தது.

"மாத்திரை வயித்தைப் பொரட்டுதுன்றாருங்க. ஒடம்புதான் தேறிடுச்சே, நிறுத்திடலாம்னு சொல்லிக்கினு இருக்குறாரு. நான்தான் சொன்னேன், தல்லி சொல்லி ஆரம்பிச்சது, தல்லியைக் கேக்காம நிறுத்தக்கூடாதுன்னு. இந்தக் கூழுக்கு நீங்க வந்து நில்லுங்க. தல்லி இறங்கி வாக்கு சொல்லட்டும்."

இன்னும் ஆறு மாத மருந்து பாக்கி. நான் டாக்டரம்மா சொன்னதை எடுத்துச் சொன்னேன். சுப்பம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "அது டாக்டரம்மா சொல்றது. தல்லி இன்னா சொல்றாங்கன்னு பாப்போம்" என்று எழுந்து போனாள்.

என் கணவர், உண்மையைச் சொல்லிவிடு என்கிறார். பொய்யில் நிற்கிற நல்லது நிற்காது என்பது அவர் வாதம். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, ஊசி போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நின்றதற்காக நன்றாகத் திட்டினார். கடைசியில், "உன் பேச்சைக் கேக்கறாங்க இல்ல? மாத்திரையை முழுசா சாப்பிடச் சொல்லிட்டு வா. உண்மையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அத்தைக்கு மட்டும் குழப்பமே இல்லை. "வரலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீதான் நெனப்பில்லாம கெடந்தியே. உன் வாயில பானகம் ஊத்த அவளைத் தள்ளிவுட்டது யாரு?" என்று கேட்டுவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டார்.

வராத சாமியை வரவழைத்து ஆட என்னால் முடியாது. அம்மன் எதிரில் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. பேசாமல் நின்றுவிட்டு வந்தால் தல்லி மறுக்கவில்லை என்று ராமுலு மாத்திரையை நிறுத்திவிடலாம். உண்மையைச் சொன்னால், ஆரம்பித்ததே பொய் என்று அன்றைக்கே நிறுத்தலாம்.

இவ்வளவும் பயம். இதற்கும் அடியில் இன்னொன்று என்னை அரிக்கிறது. தன் கணவரை நான் காப்பாற்றினேன் என்று சுப்பம்மா வாரா வாரம் பூ கொண்டுவருகிறாள். அன்று அந்தச் சொம்பு வர இன்னும் சற்றுத் தாமதமாகியிருந்தால் உமாவுக்கு அம்மா இல்லை. காப்பாற்றியவள் அவள். அது அவளுக்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருக்கும்வரை தெரியப்போவதும் இல்லை. அவளுக்கு நன்றி சொல்லவேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவள் கணவர் பிழைக்கவேண்டுமானால் அதைச் சொல்லாமல் இருக்க வேண்டுமோ?

இந்த ஆடிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கோயிலுக்குப் போவேன். முந்தானையில் இரண்டு முடிச்சுக் கற்கண்டு இருக்கும், ஒன்று எனக்கு, ஒன்று உமாவுக்கு. அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

மற்றதற்கு உங்களைத்தான் கேட்கிறேன். கூழ் வார்க்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதுவரை மாத்திரையை நிறுத்துவதில்லை என்று ராமுலு சுப்பம்மாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டில் நீண்ட நாள் மருந்து சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் இருப்பார்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால், சுப்பம்மாவிடம் என்ன சொல்வீர்கள்? எப்போது சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.